“இது இவரு இல்ல, திருப்பி அனுப்பு”: இதயம் நின்று மீண்ட ஓர் ஓட்டுநரின் நிகழ்வு ஆய்வு

வட சென்னையில் உள்ள ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். இதயம் நின்றுபோய் உயிர் மீண்டவர்களில் சிலர், அந்த இடைவெளியில் எதையோ கண்டதாகவும் கேட்டதாகவும் சொல்வார்கள். மரண விளிம்பு அனுபவம் என்று நாங்கள் குறித்துவைப்பது இதைத்தான். பெரும்பாலும் அது ஆறுதலான நினைவாக இருக்கும். இங்கே எழுதியிருக்கும் நிகழ்வில் அந்த நினைவே ஒருவரை மாத்திரை சாப்பிடவிடாமல் தடுத்தது. வார்டில் வேலை செய்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் உதவும் என்பதால் முழுமையாகப் பதிவு செய்கிறேன். அவரும் அவர் மனைவியும் இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 54. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுநர். மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் பெட்டி ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போவதுதான் பல வருடங்களாக அவர் வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதைப் பற்றி இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி முழுக்க வண்டியிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, துறைமுகத்தின் ஜீரோ கேட்டை அடைந்த பிறகு காகிதத்தில் ஒரு எண் தவறாக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். அவர் பிறகு சொன்னதைப் புரிந்துகொள்ள இந்த வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தது, மாத்திரை ஒழுங்கில்லை. பீடி உண்டு. மனைவி தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் காலையில் இட்லிக் கடை போடுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பள்ளியில். மாமியார் திருவொற்றியூரில் இருக்கிறார். அதிகம் பேசாத மனிதர், கோயிலுக்கும் அதிகம் போகாதவர் என்று மனைவி சொன்னார்.

அன்றிரவு

சாயங்காலம் வரிசையில் நிற்கும்போதே நெஞ்சில் அழுத்தம் இருந்திருக்கிறது. வாயு என்று நினைத்து சோடா குடித்திருக்கிறார். இடது கை மரத்துப்போய் வேர்த்துக் கொட்டிய பிறகுதான் கிளீனர் பையன் ஆட்டோ பிடித்து அழைத்து வந்தான். இரவு பத்தரை மணிக்கு அவசரப் பிரிவுக்கு வந்தார். இசிஜியில் இதயத்தின் முன்பக்கச் சுவரில் பெரிய மாரடைப்பு தெரிந்தது. ஊசி போட்டு, ஆஞ்சியோவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது இதயம் தாறுமாறாகத் துடித்து, ரத்தம் அனுப்புவதை நிறுத்தியது.

உடனே நெஞ்சழுத்தம் கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்று முறை ஷாக் கொடுத்தார்கள். ஒன்பது நிமிடம் கழித்து நாடி திரும்பியது. மூச்சுக்குக் குழாய் போட்டு, மயக்கத்தில் வைத்து, அடைப்பை நீக்கி, ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் ஒன்றை வைத்தார்கள். மறுநாள் மாலை மூச்சுக் குழாயை எடுத்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கியது. மருத்துவக் கணக்குப்படி எல்லாமே நன்றாக முடிந்த கேஸ். வெளியில் இதயம் நின்று அரைமணி கழித்துக் கொண்டுவரப்படும் எத்தனையோ பேருக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

வார்டில் கவனித்தவை

மூன்றாம் நாள் படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணைக்கு அடியில் மாத்திரைகள் கிடந்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டும் இருந்தன. ஸ்டென்ட் வைத்த புதிதில் இவற்றை நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரலாம். அதனால் எல்லோரும் பதறினார்கள். சோறும் பாதிதான் சாப்பிட்டிருந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வருபவர்களுக்கு மனக்குழப்பம் வருவது சகஜம் என்பதால் முதலில் அதைப் பார்த்தார்கள். நாள், கிழமை, இடம் எல்லாம் சரியாகச் சொன்னார். கவனம் சிதறவில்லை. மனநல மருத்துவர் வந்து பார்த்து, சோகம் இருக்கிறது, ஆனால் தற்கொலை எண்ணம் இல்லை, வேறு ஏதோ ஒன்று இவரை அரிக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஒரு இளம் மருத்துவரிடம் இவர் “நான் எங்கியோ போயிட்டு வந்தேன் சார்” என்று ஆரம்பித்திருக்கிறார். மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் அப்படித்தான் தோன்றும் என்று பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

துப்பு கிடைத்தது வார்டு உதவியாளரிடமிருந்துதான். உடம்பு துடைத்துவிடும்போது அவரிடம் இவர் கேட்டிருக்கிறார்: “அந்த இன்னொருத்தன் வூட்டுக்கு சேதி சொல்லிட்டாங்களா?” எந்த இன்னொருத்தன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உதவியாளர் அதை என்னிடம் வந்து சொன்னார்.

அவர் சொன்னது

நான்காம் நாள் மதியம், பார்வையாளர் நேரத்துக்கு முன், திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். “அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்கண்ணா, நான் எழுதிக்கிறேன்” என்றேன். குறுக்கே எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னது, அவர் சொற்களிலேயே:

“கேட்டுக்கு முன்னாடி நிக்கிறேன் மேடம். வண்டி இல்ல. கையில பேப்பரும் இல்ல. நம்ம ஜீரோ கேட்டு மாதிரிதான், ஆனா ஹாரன் இல்ல, புழுதி இல்ல. லைட்டு பெரிய லைட்டு, கண்ணு கூசல. நெஞ்சு வலி சுத்தமா போயிடுச்சு. அவ்ளோ நிம்மதியா நான் என்னிக்குமே இருந்ததில்ல. ஒருத்தரு ரிஜிஸ்டர் வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாரு. பேரு கேட்டாரு, சொன்னேன். பொரட்டிப் பாத்தாரு. பின்னாடி ஒரு பொம்பளக் குரலு, ‘இது இவரு இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு, திருப்பி அனுப்பு’ன்னுச்சு. எனக்குத் திரும்பி வர மனசே இல்ல. அப்புறம் நெஞ்சு மேல லோடு வண்டி ஏறின மாதிரி வலி.”

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் வந்துட்டேன். அப்ப என் பேருல உள்ள போனவன் யாரு? இந்த உசுரு அவன் கணக்கு. அவன் கணக்குல நான் எப்படி மாத்திரை திங்கறது?” என்றார்.

அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 1983-ல் உருவாக்கிய அளவுகோலில் 16 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 32-ல் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் மரண விளிம்பு அனுபவம் என்று எடுத்துக்கொள்வார்கள். அவருடைய விவரிப்பு முடிந்த பிறகு அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்டேன், 12 வந்தது. நிம்மதி, வலி மறைவு, ஒளி, தாண்ட முடியாத ஓர் எல்லை எல்லாம் அதில் அடங்கின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவர் சொன்னதை வேறு யாரும் விசாரிப்பதற்கு முன் தேதி, நேரத்தோடு எழுதி, கேஸ் ஷீட்டில் சேர்த்தோம். இது எவ்வளவு அவசியம் என்பது மூன்று நாளிலேயே தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்து “எமனைப் பாத்தியா? எருமை நின்னுச்சா?” என்று கேட்டுக் கேட்டு, ஏழாம் நாள் அவர் மறுபடி சொன்னபோது கேட்டுக்குப் பக்கத்தில் “கறுப்பா பெருசா ஒண்ணு” வந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. கேட்பவர்கள் எதிர்பார்ப்பது நினைவுக்குள் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் பதிவில் எருமை இல்லை என்பதை நாங்கள் காட்ட முடிந்தது அந்தக் காகிதத்தால்தான்.

இன்னொரு முடிவு, அவர் கண்டது மாயை என்றோ உண்மை என்றோ யாரும் அவரிடம் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பது. இரண்டுமே எங்களால் நிரூபிக்க முடியாதவை. மாயை என்றால் அவர் மறுபடி மூடிக்கொள்வார். உண்மை என்றால் இன்னொருவர் செத்துப்போனதும் உண்மையாகிவிடும்.

இந்த வகை அனுபவம் புதிதல்ல என்பதையும் குழுவுக்கு எடுத்துச் சொன்னேன். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றிய சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்காவின் இயான் ஸ்டீவன்சனும் 1986-ல் வட இந்தியாவிலிருந்து 16 பேரின் அனுபவங்களை வெளியிட்டார்கள். தூதர்கள் அழைத்துப் போவது, ஏடோ காகிதமோ வைத்திருப்பவர் முன் நிறுத்துவது, ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புவது ஆகியவைதான் அவற்றில் மறுபடி மறுபடி வருகின்றன. அதே பெயருள்ள வேறொருவர் அந்த நேரத்தில் இறந்ததாக ஊரார் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. மேல்நாட்டவர் அதிகம் சொல்லும் சுரங்கப் பாதை அவற்றில் இல்லை. சித்திரகுப்தன் ஏட்டைக் கேட்டு வளர்ந்த நாட்டில் பதிவேடு வருகிறது. துறைமுக வரிசையில் வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்தப் பதிவேடு கேட்டில் இருக்கிறது. இது எனக்கு வியப்பாக இல்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் கதைக்குள் அடங்கவில்லை. அந்தப் பெண் குரல் சொன்ன வாக்கியம் வார்டில் பேசும் பேச்சு மாதிரியே இருந்தது. அதனால் அன்றிரவு பணியில் இருந்தவர்களைக் கேட்பது என்று முடிவு செய்தோம்.

அதே பெயர்

அவசரப் பிரிவின் பதிவேட்டில் அதே இரவு, இருபது நிமிட இடைவெளியில், அதே பெயரும் அதே இனிஷியலும் உள்ள இன்னொருவர் வந்திருந்தார். இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார். அன்று இருந்த ஸ்டாஃப் நர்ஸ் நினைவுகூர்ந்தார். அவர் பலூன் பையால் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தபோது உதவியாளர் ஒருவர் அந்த மற்றவரின் இசிஜியையும் கேஸ் ஷீட்டையும் இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவந்திருக்கிறார். “இது இவரு இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு. திருப்பி அனுப்பு” என்று நர்ஸ் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர் சொன்னதை நான் நர்ஸிடம் முன்கூட்டிக் காட்டவில்லை. சிகிச்சையில் எந்தக் குழப்பமும் நடக்கவில்லை, ஷீட் உடனே போய்விட்டது.

இதை ஒரு சான்றாகத் தூக்கிப்பிடிக்க நான் தயாராக இல்லை. நர்ஸ் சொன்னது சில நாட்கள் கழித்து நினைவிலிருந்து சொன்னது. இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு என்கிறார், ஆனால் கடிகாரம் பார்த்து யாரும் எழுதவில்லை. நினைவு முழுக்கப் போகும் முன்போ, நாடி திரும்பிய பின் மயக்க மருந்தின் நடுவிலோகூட அந்தக் குரல் காதில் விழுந்திருக்கலாம். எப்போது விழுந்தது என்பது தெரியாவிட்டாலும், எல்லோரும் பேச்சுமூச்சில்லை என்று நினைத்த ஒருவரின் காதில் அது விழுந்தது, அதன் மேல் அவர் ஒரு பெரிய பாரத்தை ஏற்றிவைத்துக்கொண்டார் என்பது மட்டும் நிச்சயம்.

அவரிடம் சொன்னது

சொல்லலாமா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஷீட் மாறி வந்ததைச் சொன்னால் புகாராகும் என்று ஒருவர் தயங்கினார். மற்ற நோயாளியின் விவரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற சரியான கவலையும் இருந்தது. அந்த மற்றவரை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். தான் நலமாக இருப்பதை மட்டும் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டார். சிகிச்சை மருத்துவரும் நானும் சேர்ந்து, மனைவியும் பக்கத்தில் இருக்க, எட்டாம் நாள் சொன்னோம்: அன்றிரவு உங்கள் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார், அவருடைய காகிதம் உங்கள் கட்டிலுக்கு வந்தது, சிஸ்டர் அதைத் திருப்பி அனுப்பச் சொன்னார், அந்த மனிதர் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார்.

நாங்கள் நிம்மதியை எதிர்பார்த்தோம். அவர் முதலில் அழுதார். பிறகு, “அப்ப நான் பாத்ததெல்லாம் பொய்யா?” என்றார். அந்த நிம்மதியையும் சேர்த்து நாங்கள் பிடுங்கிக்கொள்கிறோமோ என்று அவர் பயந்தது முகத்தில் தெரிந்தது. மருத்துவர் சொன்ன பதிலை இன்றும் நல்ல பதிலாகவே நினைக்கிறேன்: “நீங்க கேட்டது நெசம். மத்தது நீங்க பாத்தது. அதை இல்லேன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல. ஆனா உங்களுக்குப் பதிலா யாரும் போகல.”

அன்று மாலை மாமியார் வந்து தன் பங்குக்கு ஒன்று சொன்னார். திருவொற்றியூர்க் கோயிலில் ஒரு தலக்கதை உண்டு. அரசன் அனுப்பிய ஓலையில் வரிகளுக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே எழுதிச் சேர்த்தாராம். எழுத்தறியும் பெருமான் என்ற பெயர் அதனால் வந்தது என்பார்கள். “எங்க ஊரு சாமிக்கு ஏட்டுல திருத்தறது புதுசா? மாத்திரையப் போடு” என்றார் அந்த அம்மா. மருத்துவமனை சொன்ன உண்மையும் இந்தக் கதையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அந்தக் கதையிலும் யாரும் யாருக்குப் பதிலாகவும் போகவில்லை. நாங்கள் குறுக்கே பேசவில்லை. அன்றிரவு மாத்திரையை நர்ஸ் கண் முன்னால் விழுங்கினார்.

பின்தொடர்ந்தவை

ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தோம். மாத்திரை விடவில்லை, பீடியை விட்டார். கனரக வாகனம் ஓட்ட வேண்டாம் என்று சொன்னதால் யார்டில் வண்டிகளை நிறுத்த வழிகாட்டும் வேலைக்கு மாறினார். சம்பளம் பாதிக்கும் கொஞ்சம் மேல். மகளின் கட்டணத்துக்காக மனைவி சாயங்காலமும் கடை போடுகிறார்.

மனைவிக்கு ஒரு குறை தீரவில்லை. “சாவுக்குப் பயமே இல்லேன்றாரு மேடம். எங்கள விட்டுட்டுப் போறதுக்கும் பயமில்லையா?” நெதர்லாந்தில் பிம் வான் லோமல் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இதயம் நின்று மீண்ட 344 பேரில் 62 பேர், அதாவது 18 சதவீதம், இத்தகைய அனுபவத்தைச் சொன்னார்கள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களிடம் சாவு பயம் குறைந்தே இருந்தது. திரும்பி வந்தவருக்கு அது வரம். பக்கத்தில் படுத்து ராத்திரியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அது தனிமை. அவர்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியது மூன்றாம் மாதம்தான். அவரிடம் அந்தக் கேள்வியை மனைவியே கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பரிசோதனைக்குத் தனியாக வருவதை நிறுத்திவிட்டு மனைவியையும் அழைத்துக்கொண்டு வருகிறார்.

இன்னொன்றையும் மனைவிதான் சொன்னார். தெருவில் ஒரு பெரியவர் வீட்டிலேயே கடைசி நிலையில் கிடந்தபோது பிள்ளைகள் கட்டிலுக்குப் பக்கத்தில் வீட்டுப் பங்கைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். இவர் போய், “காதுல விழும்பா, வெளிய போய்ப் பேசுங்க” என்று அதட்டி அனுப்பிவிட்டு, பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

சாவதைப் பற்றி இதிலிருந்து சொல்லக்கூடியது

இதயம் நின்றால் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையின் மின் அலைகள் தட்டையாகிவிடும் என்பது தெரிந்ததே. ஆனால் நல்ல நெஞ்சழுத்தம் கொடுக்கும்போது வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு அளவுக்காவது திரும்புகிறது. அழுத்தும்போதே கண் திறந்து கையை அசைத்தவர்கள் உண்டு. ஆகவே இவர்கள் செத்துத் திரும்பியவர்கள் என்பதைவிட, சாவதன் தொடக்கத்தில் பிடித்து நிறுத்தப்பட்டவர்கள் என்பதே சரி.

2023-ல் அமெரிக்காவில் ஜிமோ போர்ஜிகின் குழு, சுவாசக் கருவி நிறுத்தப்பட்டு இறந்துகொண்டிருந்த நான்கு பேரின் மூளை அலைகளை ஆராய்ந்தது. இருவரிடம், விழிப்போடு தொடர்புடைய வேகமான காமா அலைகள் திடீரென்று எழுந்தன. அந்த இருவரும் திரும்பி வரவில்லை, அதனால் அவர்கள் எதைக் கண்டார்கள் என்று சொல்ல யாரும் இல்லை. அதே ஆண்டு சாம் பர்னியா குழு வெளியிட்ட ஆய்வில் 567 பேருக்கு இதயம் நின்றது, 53 பேர் பிழைத்தார்கள், 28 பேரிடம் பேச முடிந்தது, 11 பேருக்கு ஏதோ நினைவு இருந்தது. உயிர்மீட்பு நடக்கும்போது திரையில் படம் காட்டினார்கள், ஹெட்போனில் பழங்களின் பெயர்களை ஒலிக்கவிட்டார்கள். படத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஒலித்ததை ஒருவர் சரியாக அடையாளம் கண்டார்.

ஒருவர்தான். இருந்தாலும் எங்கள் ஓட்டுநரின் நிகழ்வைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு அது பெரிதாகப் படுகிறது. கனடாவில் 2020-ல் வெளியான ஆய்வில், இறுதிக்கால இல்லத்தில் எந்த அசைவும் இல்லாத நிலையில் இருந்தவர்களில் சிலரின் மூளை, ஒலி மாறும்போது நலமாக இருப்பவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கட்டிலைச் சுற்றி நின்று நாம் பேசுவது உள்ளே போகலாம் என்பதற்கு மட்டும் போதிய ஆதாரம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க அவ்வளவு கொடூரமாக இருந்த ஒன்பது நிமிடங்களை அவர் உள்ளிருந்து வாழ்நாளின் மிகப் பெரிய நிம்மதியாக நினைவு வைத்திருக்கிறார் என்பதையும், அப்பாவின் கடைசி நிமிடத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இப்போது சொல்கிறேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. பயங்கரமான அனுபவத்தோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நடைமுறையில் மாற்றியவை

இதயம் நின்று மீண்ட ஒவ்வொருவரிடமும், தெளிவாகப் பேசத் தொடங்கிய முதல் நாளிலேயே, சொந்தக்காரர்கள் இல்லாத நேரத்தில், “அந்த நேரத்துல ஏதாவது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு எழுதுகிறோம். இல்லை என்றால் அத்தோடு விட்டுவிடுகிறோம், தூண்டித் துருவுவதில்லை. மாத்திரையை மறைக்கும் நோயாளியிடம் மறதி, பிடிவாதம் என்று எழுதும் முன் காரணம் கேட்கிறோம்.

அவசரப் பிரிவில் ஒரே பெயரில் இருவர் வந்தால் கைப்பட்டையில் வயதும் வந்த நேரமும் பெரிதாக எழுதுகிறார்கள். இசிஜி தாளில் கட்டில் எண் இல்லாமல் அச்சாகி வெளியே வந்தால் அங்கேயே பேனாவால் எழுதிவிட்டுத்தான் நகர வேண்டும். உயிர்மீட்பு நடக்கும்போது நேரம் குறிக்கும் நர்ஸ், மருந்தையும் ஷாக்கையும் எழுதுவதோடு, கட்டிலருகே சத்தமாகப் பேசப்பட்ட முக்கிய வாக்கியங்களையும் நேரத்தோடு ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேலைப் பளுவில் எல்லா இரவும் அது நடப்பதில்லை. ஆனால் நெஞ்சழுத்தம் கொடுக்கும்போது நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “ஐயா, ஆஸ்பத்திரில இருக்கீங்க, நாங்க பக்கத்துலதான் இருக்கோம்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பது இரவுப் பணியில் பழக்கமாகிவிட்டது. அன்றிரவு பலூன் பை பிடித்திருந்த அந்த நர்ஸ்தான் அதைத் தொடங்கிவைத்தார்.